ஐம்பதாம் நாளை ஐந்தாம் நிமிடத்துக்கு அழைத்து வருதல்

விண்டோஸ் 95 இயங்குதளம் 1995 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. அதிலும் அதையடுத்து வந்த விண்டோஸ் 98இலும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. கணினியை அணைக்காமல் தொடர்ந்து 49.7 நாள் ஓடவிட்டால் அது அப்படியே உறைந்து நின்றுவிடும். மைக்ரோசாஃப்ட் இதை அறிவித்துத் திருத்தம் கொடுத்தது 1999இல்தான். கோடிக்கணக்கான கணினிகளில் ஓடிய மென்பொருளில் இப்படியொரு பிழை இத்தனை காலம் மறைந்திருந்ததற்குக் காரணம் எளிது. அந்தக் காலத்தில் மேசைக் கணினியை மாலையில் அணைத்துவிட்டுப் போவார்கள். அணைக்காமல் விட்டாலும் வேறு ஏதாவது கோளாறு வந்து இடையில் ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஐம்பதாம் நாளைக் கண்ட கணினி அரிது. நேரம் கணக்கிடும் நிரல்களில் வரும் வழிதல் பிழைகளின் இயல்பு முழுவதும் இந்த ஒரு கதையில் அடங்கியிருக்கிறது. எண் சிறியதாக இருப்பது பாதிக் காரணம். அந்த எண் நிரம்பும் நாள், சோதிப்பவரின் பொறுமைக்கு வெளியேயும் பயன்படுத்துபவரின் காலத்துக்கு உள்ளேயும் போய் விழுவது மீதிப் பாதி. ஆகவே எண்ணைப் பெரிதாக்குவதோடு திருத்தம் முடிந்துவிடாது. தொலைவில் இருக்கும் அந்த நாளைச் சோதனை மேசைக்கே இழுத்து வர வேண்டும். அப்படி இழுத்து வந்த திருத்தங்கள்தான் நிலைத்திருக்கின்றன.

இயங்குதளத்தின் கர்னல், அதாவது அதன் உட்கரு, ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். எந்த நிரலுக்கு எவ்வளவு நேரம் பிராசசரைக் கொடுப்பது, நெட்வொர்க்கில் பதில் வராவிட்டால் எப்போது மறுபடி கேட்பது என்று எல்லாவற்றுக்கும் அந்த எண்ணிக்கைதான் அடிப்படை. எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அகலமுள்ள இடத்தில் சேமிக்கப்படுகிறது. அந்த இடம் 32 பிட் என்றால் அதில் 2இன் 32ஆம் அடுக்கு, அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 வேறுபட்ட மதிப்புகள் அடங்கும். கடைசி மதிப்பைத் தாண்டினால் எண் சுழியத்துக்குத் திரும்பும். இதைத்தான் ஓவர்ஃப்ளோ, வழிதல் என்கிறோம். மில்லிநொடிக்கு ஒன்று என எண்ணினால் 49.7 நாளில் நிரம்பும். நொடிக்கு நூறு என எண்ணினால் 497 நாள். அதே நூறை, கூட்டல் கழித்தல் குறியுள்ள எண்ணில் எண்ணினால் பாதி இடம் எதிர்ம எண்களுக்குப் போய்விடுவதால் 248.5 நாள். கைதேர்ந்த பொறியாளர் ஒருவரிடம் “இயந்திரம் இத்தனை நாள் ஓடி நின்றது” என்று சொன்னால் போதும். நாட்கணக்கைக் கொண்டே நோயை அனுமானித்துவிடுவார்.

இந்த நோய் தெரியாமல் வந்ததும் இல்லை. 1971இல் வெளியான யுனிக்ஸின் முதல் பதிப்பு, அந்த ஆண்டின் ஜனவரி 1 முதல் நேரத்தை நொடியின் அறுபதில் ஒரு பங்காக 32 பிட்டில் எண்ணியது. இரண்டு ஆண்டு மூன்று மாதத்தில் அது நிரம்பிவிடும் என்பது எழுதியவர்களுக்கே தெரியும். கையேட்டின் பிழைகள் பகுதியில் அந்தக் குறையை அவர்களே குறித்து வைத்தார்கள். 1973இல் வந்த நான்காம் பதிப்பில் அலகை முழு நொடியாகவும் தொடக்கத்தை 1970 ஜனவரி 1 ஆகவும் மாற்றினார்கள். அறுபது மடங்கு இடம் கிடைத்தது. குறியுள்ள 32 பிட் எண்ணில் அந்தக் கணக்கு 2038 ஜனவரி 19, உலகப் பொது நேரம் 03:14:07இல் முடிகிறது. இந்தியாவில் அப்போது செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியில் எண் எதிர்மத்துக்குத் தாவும். கணினி 1901 டிசம்பர் 13 என்று காட்டும். 1973இல் செய்தது அன்றைக்குச் சரியான திருத்தம்தான். ஆனால் அது பிழையை நீக்கவில்லை. அறுபத்தைந்து ஆண்டு தள்ளி வைத்தது. தள்ளி வைக்கப்பட்ட பிழை இடைப்பட்ட காலத்தில் கோப்பு முறைமைகளிலும் தரவுத்தளங்களிலும் கருவிகளிலும் வேர்விட்டுப் பரவியது.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, அவ்வப்போது ரீஸ்டார்ட் செய்தால் போதாதா என்று கேட்கலாம். அலுவலகக் கணினிக்கு அது போதும். ஆனால் நிற்காமல் ஓடுவதற்கென்றே வைக்கப்பட்ட இயந்திரங்கள்தான் ஐம்பதாம் நாளை எட்டுகின்றன. நின்றால் பெருந்தீங்கு விளைவதும் அவற்றால்தான். 2004 செப்டம்பர் 14 அன்று, கலிஃபோர்னியாவின் பாம்டேலில் உள்ள லாஸ் ஏஞ்சலிஸ் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தின் குரல் தொடர்பு அமைப்பு திடீரென நின்றது. அதற்குள் மில்லிநொடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி ஒன்று இருந்தது. முப்பது நாளுக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யவேண்டும் என்பது விதி. அந்த முறை அது தவறிப்போனது. மாற்று அமைப்பும் கைகொடுக்கவில்லை. வானத்தில் பறந்துகொண்டிருந்த விமானங்களோடு கட்டுப்பாட்டாளர்களால் பேச முடியவில்லை. சில விமானங்கள் பாதுகாப்பு இடைவெளியை மீறி ஒன்றையொன்று நெருங்கின. 2015இல் போயிங் 787 விமானத்திலும் இதே குடும்பத்துப் பிழை ஆய்வகச் சோதனையில் வெளிப்பட்டது. ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் நான்கு கருவிகளும் மின்சாரம் துண்டிக்கப்படாமல் 248 நாள் ஓடினால் உள்ளிருக்கும் எண்ணி வழிந்து, நான்கும் ஒரே நேரத்தில் ஒதுங்கிக்கொள்ளும். விமானம் மாறுதிசை மின்சாரம் முழுவதையும் இழக்கலாம். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் குறிப்பிட்ட இடைவெளியில் மின்சாரத்தை நிறுத்தி எடுக்கும்படி ஆணையிட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, ஒன்று போனால் இன்னொன்று என்று வைத்த நான்கு கருவிகளும் ஒரே நேரத்தில் எண்ணத் தொடங்கினால் ஒரே நொடியில் நின்றுபோகும் என்பது. தேய்மானத்துக்கு எதிரான காவல், கணக்குப் பிழைக்கு எதிராகக் காவல் ஆகாது. ரீஸ்டார்ட் என்னும் விதியோ மனித நினைவை நம்பியிருக்கிறது. பாம்டேலில் அறுந்தது அந்த இழைதான்.

அப்படியானால் நிரலுக்குள் என்ன செய்வது? எண்ணி சுழலத்தான் செய்யும் என்று ஒப்புக்கொள்வது முதல் படி. தமிழ் ஆண்டுக் கணக்கே ஒரு சுழலும் எண்ணிதான். பிரபவ முதல் அட்சய வரை அறுபது. அட்சய முடிந்தால் மறுபடி பிரபவ. வரிசை எண்ணை மட்டும் பார்த்தால் 60ஆவது ஆண்டான அட்சய பெரியது, 1ஆவது ஆண்டான பிரபவ சிறியது. ஆனால் அட்சய ஆண்டில் குழந்தை பிறந்து பிரபவ ஆண்டில் அதற்குக் காது குத்தினார்கள் என்றால் எவரும் குழம்புவதில்லை. ஒன்றிலிருந்து அறுபதைக் கழித்தால் கழித்தல் 59; சுழற்சிக்கு உரிய அறுபதைச் சேர்த்தால் 1; ஆக ஓராண்டு கழிந்திருக்கிறது. எண்களை நேரடியாக ஒப்பிடாமல் அவற்றின் இடைவெளியைப் பார்த்ததால் விடை சரியாக வந்தது. கர்னலிலும் இதே கணக்குத்தான். 32 பிட் எண்ணி 4294967290இல் நிற்கும்போது ஒரு நிரல் “இன்னும் பத்து எண்ணிக்கையில் என்னை எழுப்பு” என்று கேட்கிறது. பத்தைக் கூட்டினால் எண் வழிந்து 4 ஆகிறது. “இப்போதைய எண் 4ஐ விடப் பெரிதா?” என்று எழுதிய நிரல்வரி உடனே ஆமாம் என்று சொல்லி, நேரம் வருமுன்பே எழுப்பிவிடும். எழுப்ப வேண்டிய எண் 4294967294 ஆக இருந்து, அதைச் சோதிப்பதற்குள் எண்ணி சுழன்று 2க்கு வந்துவிட்டாலோ, அடுத்த சுற்று முடியும் வரை அந்த நிரல் எழவே எழாது. ஆனால் 4இலிருந்து 4294967290ஐ 32 பிட் கணக்கில் கழித்துப் பாருங்கள்; வழிந்தது வழிந்ததாகவே இருக்க, விடை துல்லியமாகப் பத்து.

லினக்ஸ் கர்னல் இந்த உத்தியை ஒரு சிறு வாய்பாடாக எழுதி வைத்திருக்கிறது. இரண்டு நேரங்களைக் குறியற்ற எண்களாகக் கழித்து, வந்த விடையைக் குறியுள்ள எண்ணாகப் பார்ப்பது. எதிர்மமாக இருந்தால் ஒன்று முந்தியது, இல்லையேல் பிந்தியது. அரைச் சுற்றுக்குள் இருக்கும் இடைவெளிகளுக்கு இது எப்போதும் சரி. அறுபது ஆண்டுச் சுற்றில் முப்பதுக்கு மேல் போனால் முன்னது எது பின்னது எது என்ற குழப்பம் வருவதுபோல, அரைச் சுற்றைத் தாண்டினால் இதுவும் பிசகும். அந்த வரம்பு தெளிவாகத் தெரியும் என்பதே இதன் பலம். ஆனால் வாய்பாடு இருப்பதாலேயே எல்லோரும் அதைப் பயன்படுத்திவிடுவதில்லை. கர்னலில் ஆயிரக்கணக்கானோர் எழுதிய கோடிக்கணக்கான வரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒருவர் மறதியாக நேரடி ஒப்பீட்டை எழுதிவிட்டால், நிரல் தொகுக்கப்படும், ஓடும், எல்லாச் சோதனைகளிலும் தேறும். ஐம்பதாம் நாள் வரை எந்த அடையாளமும் இருக்காது.

இங்கேதான் கர்னல் எழுதுபவர்கள் ஓர் அழகான காரியம் செய்தார்கள். லினக்ஸின் உள் எண்ணிக்கையை ஜிஃபி என்பார்கள். அது இயல்பாகச் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். அவர்கள் அதைச் சுழியத்திலிருந்து தொடங்காமல், நிரம்புவதற்குச் சரியாக ஐந்து நிமிடம் இருக்கும் எண்ணிலிருந்து தொடங்கிவிட்டார்கள். நொடிக்கு ஆயிரம் என எண்ணும் 32 பிட் இயந்திரத்தில் 49.7ஆம் நாள் வரவேண்டிய வழிதல், கணினியைப் போட்ட ஐந்தாம் நிமிடமே வந்துவிடுகிறது. இன்றும் லினக்ஸ் ஓடும் ஒவ்வொரு கணினியிலும் அந்த எண்ணியின் கீழ்ப் பாதி 32 பிட் ஐந்தாம் நிமிடத்தில் ஒருமுறை சுழல்கிறது. ஒழுங்காக ஓடும் இயந்திரங்களில் வலிந்து ஓர் ஆபத்தைப் புகுத்துவது எப்படி நியாயம் என்று கேட்கத் தோன்றும். ஆபத்து முன்பே இருந்தது. அதன் முகவரிதான் மாறியது. ஐம்பதாம் நாள் நள்ளிரவில் ஆளில்லாத சர்வர் அறையில் நிகழவேண்டியது, புதிய நிரலை எழுதியவர் அதை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் மேசையில் நிகழ்கிறது. அவர் நிரல்வரியை மறந்திருக்கமாட்டார். திருத்தவும் அவருக்கு ஐந்து நிமிடம் போதும். மறந்து எழுதிய ஒப்பீடு இனி ஒளிந்துகொள்ள முடியாது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. இன்றைய கணினிகள் 64 பிட். நானோநொடிகளை எண்ணினாலும் குறியுள்ள எண் நிரம்ப 292 ஆண்டு ஆகும். இந்தக் கவலையெல்லாம் பழங்கதை என்பது அந்த மறுப்பு. அதற்குப் பதில் 208.5 நாளில் இருக்கிறது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், 64 பிட் சர்வர்களில் ஓடிய லினக்ஸ் கர்னல்கள் 208.5 நாள் தொடர்ந்து இயங்கியதும் நேரக் கணக்கில் பிசகின. காரணத்தைப் புரிந்துகொள்ளக் கணினி வேண்டாம், பழக்கடை போதும். டஜன் 90 ரூபாய் விலையில் 1000 வாழைப்பழம் வாங்குகிறீர்கள். கடைக்காரரின் பலகையில் நான்கு இலக்கம்தான் எழுத முடியும். 1000 அதில் அடங்கும்; விடையான 7500 ரூபாயும் அடங்கும். ஆனால் முதலில் 1000ஐ 90ஆல் பெருக்கி, பிறகு 12ஆல் வகுக்கலாம் என்று தொடங்கினால் நடுவில் 90,000 வருகிறது. அது பலகையில் அடங்காது. கர்னல் செய்ததும் இதுவே. பிராசசரின் துடிப்பு எண்ணிக்கையை நானோநொடியாக மாற்ற, வகுத்தலைத் தவிர்ப்பதற்காக, அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கி 1024ஆல் சுருக்கும். 2 கிகாஹெர்ட்ஸ் பிராசசரில் ஒரு துடிப்பு அரை நானோநொடி. ஆகவே பெருக்கெண் 512. துடிப்புகள் 2இன் 55ஆம் அடுக்கைத் தொட்டதும், பெருக்குத்தொகை 2இன் 64ஆம் அடுக்கைத் தொட்டு வழிந்துவிடும். அந்த நேரம் 208.5 நாள். பிராசசரின் வேகம் மாறினால் பெருக்கெண்ணும் ஈடாக மாறுவதால், எந்த வேகத்துக்கும் அதே 208.5 நாள்தான். உள்ளே வந்த எண்ணும் அடங்கும், வெளியே போகும் எண்ணும் அடங்கும். நடுவில் ஒரு கணம் மட்டும் பிறந்து மறையும் எண்தான் அடங்கவில்லை. அகலத்தை நம்பியவர்கள் தொடக்கத்தையும் முடிவையும் பார்த்தார்கள், இடைவழியைப் பார்க்கவில்லை.

2011 இறுதியிலும் 2012இலும் வந்த திருத்தம் கடைக்காரர் தானாகவே செய்திருக்கக்கூடியதுதான். 1000 பழத்தில் 83 டஜனும் 4 பழமும் இருக்கின்றன. 83ஐ 90ஆல் பெருக்கினால் 7470. மீதி நான்கு பழத்துக்கு 360ஐ 12ஆல் வகுத்தால் 30. கூட்டினால் 7500. பலகையின் நான்கு இலக்கத்தை எந்த இடத்திலும் மீறவில்லை. கர்னலும் துடிப்பு எண்ணிக்கையை 1024ஆல் ஈவு, மீதி என்று பிரித்து, தனித்தனியே பெருக்கிக் கூட்டத் தொடங்கியது. எப்போதும் 128 பிட் கணக்கே போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்றால், வேகம் குறுக்கே நிற்கிறது. நேரம் கேட்கும் நிரல்துண்டு கர்னலில் மிக அதிகமாக அழைக்கப்படுபவற்றில் ஒன்று. அங்கே கூடும் ஒவ்வொரு கட்டளையும் இயந்திரம் முழுவதுக்கும் சுமை. இந்த இழுபறிக்குப் பக்குவமான விடை 2024இல் கிடைத்தது. மெய்நிகர் கணினி ஒன்றை அதன் மேலாண்மை மென்பொருள் நெடுநேரம் நிறுத்திவைத்து மறுபடி ஓட்டினால், இடையில் சேர்ந்த துடிப்புகள் பெருக்கலை வழியவைத்து, உள்ளிருக்கும் கடிகாரம் பின்னோக்கித் தாவக்கூடும். அதைத் தடுக்க, இடைவெளி பாதுகாப்பான வரம்புக்குள் இருந்தால் விரைவான பெருக்கல், தாண்டினால் மட்டும் அகலமான பெருக்கல் என்று கர்னலில் இரு வழி வைத்தார்கள். அதற்கு முன்பே 2015இல், இடைவெளி வரம்பின் பாதியைத் தாண்டினாலே எச்சரிக்கை எழுதும் சோதனை வசதியும் சேர்ந்தது. வழிந்தபின் அலறுவதற்குப் பதில் பாதி நிரம்பியதும் சொல்லும் இந்த ஏற்பாடு, ஐந்தாம் நிமிட உத்தியின் உடன்பிறப்பு.

2038 மட்டும் வேறு வகை. அங்கே எண்ணுவது கால அளவை அல்ல, நாள்காட்டியை. இரண்டு நாள்களுக்கு இடைப்பட்ட தூரத்தைச் சுழலும் எண்ணியால் அளக்கலாம். ஒருவர் பிறந்த தேதியை அதில் எழுதிவைக்க முடியாது. ஆகவே இங்கே அகலப்படுத்தியே ஆகவேண்டும். 64 பிட் கணினிகளில் லினக்ஸ் தேதிக்கு முதலிலிருந்தே 64 பிட்டைக் கொடுத்தது. சிக்கல், ரவுட்டர்களிலும் தொழிற்சாலைக் கருவிகளிலும் உள்ள 32 பிட் பிராசசர்களில். அர்ன்ட் பெர்க்மான் முன்னின்று நடத்திய பணி பல ஆண்டு நீண்டு, 2020இல் வந்த 5.6 பதிப்பில்தான் 32 பிட் கர்னல் 2038ஐத் தாண்டத் தயாரானது. அந்தப் பணியின் சிறப்பு புதிய 64 பிட் வகையைச் சேர்த்ததோடு நிற்கவில்லை. பழைய 32 பிட் நேர வகைகளைக் கர்னலின் உள் நிரலிலிருந்தே நீக்கியதில் இருக்கிறது. இனி யாராவது பழக்கத்தில் பழைய வகையை எழுதினால் நிரல் தொகுக்கவே தொகுக்காது. 2038இல் வரவேண்டிய பிழை, எழுதிய அன்றே, ஓடுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. டெபியன் திட்டமும் இதே வழியில் போயிற்று. 2025இல் வந்த 13ஆம் பதிப்புக்காக 32 பிட் ஏஆர்எம் கணினிகளின் நேர வகையை அகலமாக்கியபோது, மாற்றம் தொட்ட நூலகப் பொதிகளுக்கெல்லாம் பெயரையும் மாற்றினார்கள். பழையதும் புதியதும் தெரியாமல் கலந்தால் நிறுவும்போதே தடுக்கப்படும்.

ஆனாலும் அகலப்படுத்தியதும் முடிவற்ற காலம் கிடைத்துவிட்டதாக எண்ணக்கூடாது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, தேதிக்குக் கூடுதல் இடம் உள்ள வடிவில் 2446 வரை போகும். பழைய சிறு வடிவில் 2038தான். எக்ஸ்எஃப்எஸ் 2020இல் பெற்ற விரிவாக்கம் அதை 2486 வரை நீட்டியது. கர்னலின் நானோநொடிக் கணக்கு 2262இல் முடிகிறது. அதனால் முப்பது ஆண்டு இடைவெளி விட்டு, 2232க்குப் பிந்தைய தேதியைக் கடிகாரத்தில் வைக்கவே கர்னல் மறுத்துவிடுகிறது. இந்த மறுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். தன் எல்லை எங்கே என்று அறிந்து, அதை வெளிப்படையாகச் சொல்லும் நிரலை நம்பலாம். எல்லையே இல்லாததுபோல ஓடும் நிரலை எத்தனை பிட் இருந்தாலும் நம்ப முடியாது.

பதினைந்து இருபது ஆண்டு உழைக்கும் என்று இன்று சுவரில் பொருத்தப்படும் ஒவ்வொரு கருவியும் 2038 ஜனவரி 19ஐக் கடக்கப் போகிறது. அவற்றில் பலவற்றுக்கு, பொருத்தியபின் யாரும் புதிய மென்பொருள் அனுப்பமாட்டார்கள். எனவே கருவி பட்டறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அந்த நாளை அதற்குக் காட்டிவிட வேண்டும். அதற்கு 2038 வரை காத்திருக்கத் தேவையில்லை. கடிகாரத்தை உலகப் பொது நேரம் 03:14:00க்குத் திருப்பி வைத்துவிட்டு, எட்டு நொடி பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.